சவுரிக்கு அடியில் இருந்த முடி

உயர்நிலைப் பள்ளிக் காலம் முழுவதும் தலையில் தைத்து வைத்திருந்த நீண்ட சவுரியை என் மகள் சென்ற கோடையில் எடுத்துவிட்டாள். அடியிலிருந்த சொந்த முடியையும் இரண்டு விரற்கடை நீளத்துக்கு வெட்டிக்கொண்டு, இனி இதுதான் தன் முடி என்று சொல்லிவிட்டாள். அவளுடைய அப்பா அமெரிக்கக் கறுப்பினத்தவர், நான் திருச்சிக்காரி. அவளுக்கு வாய்த்திருப்பது அப்பாவின் முடி. நியூஜெர்சியில் எங்களுக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பங்களில் செய்தி பரவியபோது, அவ்வளவு அழகான முடியை ஏன் எடுத்தாள் என்று பலரும் என்னிடம் கேட்டார்கள். அந்த அழகான முடி அவளுடையது அல்ல என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களுக்கோ, அடியில் இருந்ததும் முடிதான் என்பது தோன்றவில்லை.

நம் ஊரில் சவுரி என்றால் பின்னலோடு சேர்த்துப் பின்னிவிட்டு, இரவில் கழற்றி ஆணியில் மாட்டிவைப்பது. இங்கே கறுப்பினப் பெண்கள் வைத்துக்கொள்ளும் எக்ஸ்டென்ஷன் அப்படிக் கழற்றக்கூடியதல்ல. முதலில் சொந்த முடி முழுவதையும் தலையோடு ஒட்டிய சன்னமான வரிப் பின்னல்களாகப் பின்னுகிறார்கள். அதற்குக் கார்ன்ரோ என்று பெயர். பிறகு, நாடாபோல நீளமாக வரிசைப்படுத்தித் தைத்த முடியை அந்தப் பின்னல்களின்மேல் வைத்து, வளைந்த ஊசியாலும் தடித்த நூலாலும் வரிவரியாகத் தைக்கிறார்கள். நாற்காலியில் உட்கார்ந்தால் எழுந்திருக்க அரை நாள் ஆகும். ஆறு முதல் எட்டு வாரம் வரை அது தலையிலேயே இருக்கும். மனித முடியாக இருந்தால் முடிக்கும் கூலிக்கும் சேர்த்துப் பல நூறு டாலர்கள் செலவாகும். ஓஹையோ மாநிலத்தின் கிளீவ்லாந்து நகரில் கிறிஸ்டினா ஜென்கின்ஸ் என்ற கறுப்பினப் பெண்மணிதான் இப்படி முடியை முடியோடு இணைக்கும் முறைக்கு 1952இல் காப்புரிமை பெற்றவர். வெள்ளையர்கள் திணித்த வழக்கம் என்று இதை ஒரே வரியில் ஒதுக்கிவிடுபவர்கள் இந்த வரலாற்றைச் சற்றுப் பார்க்கவேண்டும். இது கறுப்பினப் பெண்கள் தங்கள் கைத்திறனால் உருவாக்கி வளர்த்த தொழில்.

ஆனாலும் இந்த முறையில் ஒரு சிக்கல் இருக்கிறது. தைத்த வரிசைகள் வெளியே தெரியாமலிருக்க, முன்நெற்றியிலும் வகிட்டிலும் கொஞ்சம் சொந்த முடியைப் பின்னாமல் விட்டுவைத்து, அதைச் சவுரியின்மேல் படரவிடுவார்கள். சவுரி நேராக இருக்கும்போது, மேலே படரும் முடி மட்டும் சுருளாக இருந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்பதால், அந்தக் கொஞ்ச முடியை மின்சார இஸ்திரிச் சீப்பால் ஏறக்குறைய தினமும் நேராக்க வேண்டியிருக்கிறது. என் மகளும் பள்ளிக்குக் கிளம்புமுன் அதைத்தான் செய்துவந்தாள். நாளடைவில் அந்த முடி தன் சுருளை மறந்தேபோனது. நனைத்தாலும் சுருளாமல், நார்போலத் தொங்கியது. அளவுக்கு மீறிய சூடு முடியின் புரதத்தைக் குலைத்துவிட்டால் அது திரும்பாது, வெட்டிவிட்டுப் புது முடி வளரக் காத்திருக்க வேண்டியதுதான். காதுக்கு மேலே பொட்டுப் பகுதியிலும் முடி அடர்த்தி குறையத் தொடங்கியிருந்தது. இறுக்கமான பின்னலும் அதன்மேல் தொங்கும் எடையும் மயிர்க்கால்களை மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டே இருப்பதால் வரும் இந்த உதிர்வைத் தோல் மருத்துவர்கள் டிராக்‌ஷன் அலோபீசியா என்கிறார்கள். தொடக்கத்திலேயே இழுப்பை நிறுத்தினால் முடி மீண்டும் வளரும். ஆண்டுக்கணக்கில் விட்டுவிட்டால் மயிர்க்கால் தழும்பாகி, அந்த இடம் வழுக்கையாகவே நின்றுவிடும். மருத்துவர் அவளுடைய நெற்றியோரத்தை விளக்கின்கீழ் பார்த்துவிட்டு, இன்னும் காலம் கடந்துவிடவில்லை என்று சொன்னது முடிவெடுக்க ஒரு காரணமாக அமைந்தது.

முதல் காரணம் வேறு என்று மகள் சொல்வாள். தன் முடி எப்படி இருக்கும் என்பதே தனக்குத் தெரியாது என்பதுதான் அது. குழந்தையாக இருந்தபோது செயற்கை இழை சேர்த்த சின்னச் சின்னப் பின்னல்கள், கொஞ்சம் வளர்ந்ததும் தைத்த சவுரி; ஒன்றை அவிழ்த்தால் இரண்டொரு நாளில் அடுத்தது ஏறிவிடும். நடுவிலுள்ள அந்த நாட்களில் தலையில் துணி கட்டிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே இருப்பாள்.

என் மாமியாரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்தார். இந்த வீட்டில் சொந்த முடியோடு வெளியே நடந்தவர்களில் இவள் முதலாமவள் அல்ல என்பது அவருக்குத் தெரியும். தென் கரோலினாவில் பிறந்து, சிறுமியாகப் பெற்றோருடன் வடக்கே நியூவார்க் நகருக்கு வந்தவர் அவர். தெற்கிலிருந்து வடக்கு நகரங்களுக்கு இலட்சக்கணக்கான கறுப்பினக் குடும்பங்கள் இடம்பெயர்ந்த காலத்தின் கடைசி அலை அது. சனிக்கிழமை இரவுகளில் அவருடைய அம்மா அடுப்புத் தீயில் இரும்புச் சீப்பைச் சூடாக்கி, எண்ணெய் தடவிய முடியில் இழுத்து நேராக்குவாராம். மறுநாள் தேவாலயத்துக்குப் போகவேண்டும் என்பதால் காதை மடக்கிப் பிடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும்; அசைந்தால் காது சுடும். பிடரியில் வளரும் பொடி முடிக்கு அவர்கள் வழக்கில் கிச்சன் என்று பெயர்; சீப்புக்கு எளிதில் அடங்காதது அதுதான். வியர்வையோ மழைத்தூறலோ பட்டால் எல்லாம் பழையபடி சுருண்டுவிடும் என்பதால் சிறுமிகள் மழையைக் கண்டு ஓடுவார்கள். சூட்டால் நேராக்கிய முடி, தண்ணீர் பட்டதும் தன் உள்ளேயிருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகளை மீண்டும் இயல்புக்கே அமைத்துக்கொள்கிறது என்று வேதியியல் சொல்லும் செய்தியைத்தான் அந்தச் சிறுமிகள் உடலால் தெரிந்துவைத்திருந்தார்கள்.

1967 ஜூலையில் இனக் கலவரத்தில் நியூவார்க் பற்றியெரிந்தபோது மாமியார் பதின்பருவத்தில் இருந்தார். அதற்கடுத்த ஆண்டுகளில் தெருவெங்கும் ஆஃப்ரோ தலைகள் தோன்றின. கறுப்பின உரிமைப் போராளி ஏஞ்சலா டேவிஸின் படம் சுவர்தோறும் இருந்தது. இவரும் சூட்டுச் சீப்பைத் தூக்கிப்போட்டுவிட்டு உருண்டையாக முடி வளர்த்தார். அதைப் பார்த்து அவருடைய அம்மா பேச்சை நிறுத்திவிட்டாராம். அலுவலக வேலைக்குப் போகத் தொடங்கியபோது, யாரும் வாய்திறந்து சொல்லாமலேயே, ரிலாக்சருக்கு மாறிவிட்டார். ஏன் மாறினீர்கள் என்று மகள் கேட்டதற்கு, வீட்டுக் கடன் தவணை முடியைப் பார்த்து வருவதில்லை, சம்பளத்தைப் பார்த்துத்தான் வருகிறது என்று பதில் சொன்னார். என் மாமியாரிடம் எனக்குப் பிடித்தது இந்த வறண்ட பேச்சுதான்.

ரிலாக்சர் என்பது காரக் களிம்பு. சோடியம் ஹைட்ராக்சைடு அல்லது அதன் உறவுக்காரப் பொருள் ஒன்று, முடியைச் சுருளாகப் பிடித்துவைத்திருக்கும் கந்தகப் பிணைப்புகளை உடைத்து, முடியை நிரந்தரமாக நேராக்குகிறது. வேரிலிருந்து புது முடி சுருளாகவே வளரும் என்பதால் ஆறேழு வாரத்துக்கொரு முறை மறுபடி பூசவேண்டும். நிமிடக் கணக்கு கொஞ்சம் தவறினாலும் தலைத்தோல் வெந்துவிடும். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களின் ஆய்வாளர்கள் 33,497 பெண்களை ஏறத்தாழ 11 ஆண்டுகள் கவனித்து 2022 அக்டோபரில் வெளியிட்ட முடிவு எங்கள் வீட்டில் பெரிய பேச்சானது. முடி நேராக்கும் பொருட்களை ஒருபோதும் பயன்படுத்தாதவர்களில் 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 1.64 சதவீதம் என்றும், அடிக்கடி பயன்படுத்தியவர்களில் 4.05 சதவீதம் என்றும் அவர்கள் மதிப்பிட்டார்கள். ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று இந்த ஆய்வு நிறுவிவிடவில்லை. நோயும் பொதுவாக அரிதானதுதான். ஆனால் அந்தப் பொருட்களைப் பயன்படுத்தியதாகச் சொன்னவர்களில் ஏறக்குறைய 60 சதவீதத்தினர் கறுப்பினப் பெண்கள் என்ற தகவலைப் படித்துவிட்டு மாமியார் செய்தித்தாளை மடித்துவைத்தார். ரிலாக்சரை விட்டவர்கள் எல்லோரும் சொந்த முடிக்குப் போய்விடவில்லை. பலர் சவுரிக்குத்தான் போனார்கள். களிம்பு இல்லை, சூடு குறைவு, முடிக்கு ஓய்வு என்பது அதற்குச் சொல்லப்பட்ட நியாயம்.

சவுரி முடி எங்கிருந்து வருகிறது என்பது என்னைப்போன்ற ஒருத்திக்குத் தப்பிக்க முடியாத கேள்வி. கடைகளில் பிரேசிலியன், பெருவியன், மலேசியன் என்றெல்லாம் எழுதியிருக்கும். அவை பெரும்பாலும் முடியின் வளைவையும் பளபளப்பையும் குறிக்கும் வியாபாரப் பெயர்களே தவிர, பிறந்த ஊர் அல்ல. உயர்ந்த ரகம் என்று விற்கப்படும் முடியில் பெரும்பங்கு இந்தியக் கோயில்களில் இறக்கிய மொட்டை முடி. திருப்பதி தேவஸ்தானம் நீளவாரியாகப் பிரித்து இணையத்தில் ஏலம் விடுகிறது. பழநி, திருத்தணி, சமயபுரம் போன்ற நம் கோயில்களின் முடியும் ஏலத்தில்தான் போகிறது. மொட்டை முடிக்கு மதிப்பு வரக் காரணம், வேர் ஒரு பக்கமும் நுனி ஒரு பக்கமுமாக அது கட்டாகவே கிடைப்பதுதான். முடியின் மேலுள்ள நுண்ணிய செதில்கள் எல்லாம் ஒரே திசையில் படிந்திருப்பதால் சிக்கு விழாது. இதைத்தான் ரெமி என்கிறார்கள். நம் தெருக்களில் பாத்திரத்துக்கும் ஊசிபாசிக்கும் வாங்கிப்போகும் சீப்பில் உதிர்ந்த முடியும் இதே சந்தைக்குத்தான் போகிறது. ஆனால் அதில் வேரும் நுனியும் கலந்திருப்பதால், அமிலத்தில் முக்கிச் செதில்களை நீக்கிவிட்டுச் சிலிக்கோன் பூசி விற்கிறார்கள். சில தடவை அலசியதும் பூச்சு போய் முடி சிக்காகிவிடும். கம்யூனிஸ்ட் சீனாவின் முடிக்கு 1960களின் நடுவில் அமெரிக்கா தடைவிதித்ததும், தென்கொரியாவின் விக் தொழில் அதனால் வளர்ந்ததும், கொரியாவிலிருந்து குடியேறியவர்கள் கறுப்பினப் பகுதிகளில் அழகுப்பொருள் கடைகளைத் திறந்ததும் இந்தக் கதையின் இன்னொரு கிளை. எங்கள் ஊரில் நான் மகளோடு நுழைந்த கடைகளின் கல்லாவில் பெரும்பாலும் கொரியர்களே இருந்தார்கள்.

சமயபுரத்தில் நான் இறக்கிய முடி யார் தலையில் ஏறியதோ என்று சிறுவயதில் யோசித்ததே இல்லை. பரிகாரமாகக் கொடுத்த முடி விலைப்பொருளாவதில் எனக்குப் பெரிய மனவருத்தம் ஒன்றுமில்லை. கொடுத்தபின் அது நம்முடையதல்ல. கொடுத்தவளுக்கு ஒரு ரூபாயும் சேராமல், நடுவிலுள்ள ஒவ்வொரு கையும் இலாபம் பார்த்து, கடைசியில் கைச்செலவுப் பணத்தைச் சேர்த்துவைத்த ஒரு கறுப்பினச் சிறுமி முழு விலையையும் கொடுக்கிறாள் என்ற கணக்குதான் உறுத்துகிறது.

முடியை வெட்டிக்கொள்வதை இங்கே பிக் சாப் என்கிறார்கள். கெட்டுப்போன முடியைக் கொஞ்சம் கொஞ்சமாக நறுக்கிக்கொண்டே, ஓரிரு ஆண்டுகள் இரண்டு விதமான முடியோடு சமாளித்து மெதுவாக மாறுபவர்களும் உண்டு. அந்த இரண்டு முடியும் சேரும் இடம் மிகவும் பலவீனமானது என்பதால், அது ஒடிந்துகொண்டே இருக்கும். மகள் பொறுமையில்லாதவள், ஒரே நாளில் முடித்துவிட்டாள். வீடியோ அழைப்பில் பேத்தியைப் பார்த்த என் அம்மா, "எந்தக் கோயிலுக்கும்மா நேர்ந்துக்கிட்ட? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!" என்று கேட்டார். இல்லை பாட்டி, என் சொந்த முடி வளரத்தான் வெட்டினேன் என்று அவள் தன் அரைகுறைத் தமிழில் விளக்கியதும், அம்மா சிறிது நேரம் பார்த்துவிட்டு, மொட்டையடித்தால் முடி அடர்த்தியாக வளரும் என்று தான் எப்போதோ சொன்னதை இப்போதாவது கேட்டாளே என்று திருப்தியடைந்துவிட்டார். அடித்தாலும் வெட்டினாலும் மயிர்க்கால் மாறுவதில்லை என்று நான் வாதாடப்போகவில்லை.

உண்மையான வேலை அதற்குப் பிறகுதான் தொடங்கியது. நம் முடியின் மயிர்க்கால் தோலுக்குள் பெரும்பாலும் நேராக இறங்குகிறது; முடியின் குறுக்குவெட்டு வட்டத்தை நெருங்கியிருக்கும். ஆப்பிரிக்க வழிவந்தவர்களின் மயிர்க்கால் தோலுக்குள்ளேயே வளைந்திருக்கிறது. முடியின் குறுக்குவெட்டோ தட்டையான நீள்வட்டம். அதனால்தான் முடி வெளியே வரும்போதே சுருண்டு வருகிறது. தலைத்தோல் சுரக்கும் எண்ணெய் நேரான முடியில் எளிதாக நுனிவரை வழிந்துவிடும். நெருக்கமான சுருளில் அது வேரருகிலேயே தங்கிவிட, நுனி வறண்டுபோகிறது. ஒவ்வொரு வளைவும் முறுக்கும் ஒடியக்கூடிய இடம். கறுப்பினத்தவர் முடி வளராது என்று நாற்பது பேர் நாற்பது விதமாகச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். உண்மையில் அது வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது. வேரில் வளரும் வேகத்திலேயே நுனியில் ஒடிந்தால் நீளம் கூடியதாகத் தெரியாது, அவ்வளவுதான். அதோடு, ஈரம் காய்ந்ததும் சுருள்கள் உள்வாங்கிக்கொள்வதால், இழுத்துப் பிடித்தால் தோள்வரை வரும் முடி, விட்டுவிட்டால் காதுக்கு மேலேயே நிற்கும். ஆகவே இந்த முடியை வளர்ப்பது என்பது ஒடியாமல் காப்பது. மாமியாரின் அம்மாவுக்கு இது தெரிந்திருந்தது. மாமியாருக்குப் பாதி தெரியும். சவுரிக்கு அடியிலேயே வளர்ந்த என் மகளுக்குச் சொல்லிக்கொடுக்க வீட்டில் யாரும் மிஞ்சவில்லை.

நான் கொண்டுவந்த ஊர்ப் பழக்கம் இங்கே உதவாது. உலர்ந்த முடியில் உச்சியிலிருந்து சீப்பை இழுப்பது, தினமும் எண்ணெய் தேய்ப்பது, வெள்ளிக்கிழமைதோறும் சீயக்காய் போட்டு எண்ணெய்ப் பசையே இல்லாமல் அலசுவது ஆகிய மூன்றும் இந்த முடிக்கு எதிரானவை. வாரத்துக்கொரு முறைதான் தலைக்குக் குளிப்பாள். அதற்கு வாஷ் டே என்றே பெயர், அந்த நாளில் வேறு எதையும் வைத்துக்கொள்வதில்லை. தலையை நான்கு அல்லது ஆறு பகுதிகளாகப் பிரித்துக் கவ்விகள் போடுவோம். தண்ணீர் தெளித்து, கண்டிஷனரை அள்ளிப் பூசி, முடி வழுக்கும் பதத்துக்கு வந்தபிறகு, முதலில் விரலாலும் பின்பு அகலப் பல் சீப்பாலும் நுனியிலிருந்து தொடங்கி வேரை நோக்கி மெதுவாகச் சிக்கெடுப்போம். ஒரு பகுதி முடிந்ததும் அதைத் தளர்வாக முறுக்கி ஒதுக்கிவிட்டு அடுத்ததைத் தொடுவோம். அலசியபின், ஈரம் இருக்கும்போதே கழுவத் தேவையில்லாத கண்டிஷனர், அதன்மேல் எண்ணெய், அதன்மேல் ஷியா வெண்ணெய் கலந்த கிரீம். எண்ணெய் ஈரத்தைக் கொடுப்பதில்லை, உள்ளேயிருக்கும் ஈரம் ஓடிவிடாமல் மூடுகிறது என்பதால் வரிசை முக்கியம். பிறகு இரண்டிரண்டு புரிகளாக முறுக்கிவிட்டு, மறுநாள் பிரித்தால் அலையலையாக ஒரு வடிவம் கிடைக்கும்.

என் பங்குக்கு நான் முன்மொழிந்த இரண்டு எண்ணெய்களில் ஒன்று தேறியது. தேங்காய் எண்ணெய் முடிக்குள் ஊடுருவிப் புரத இழப்பைக் குறைக்கிறது என்று மும்பையில் நடந்த ஆய்வு 2003இல் வெளிவந்தது. ஆனாலும் மகளின் முடியில் அது விறைப்பையே கொடுத்தது. விளக்கெண்ணெய் நன்றாகப் பிடித்துக்கொண்டது. இங்கே ஜமைக்காவின் கறுப்பு விளக்கெண்ணெய் என்று ஆமணக்கு விதையை வறுத்து எடுத்த எண்ணெய் விற்கிறார்கள். விலையைப் பார்த்தால் என் பாட்டி மயங்கி விழுந்திருப்பார்.

இரவில் சாட்டின் துணியில் செய்த தொப்பி ஒன்றைப் போட்டுக்கொண்டு தூங்குகிறாள். பருத்தித் தலையணையுறை ஈரத்தை உறிஞ்சி, முடியை உரசி ஒடித்துவிடும். முடியின் சுருளை 1 முதல் 4 வரை எண்ணிட்டு, ஒவ்வொன்றையும் ஏ, பி, சி எனப் பிரிக்கும் ஓர் அட்டவணை உண்டு. தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஓப்ரா வின்ஃப்ரியின் முடியலங்கார நிபுணர் ஆந்த்ரே வாக்கர் 1990களில் தொடங்கிவைத்தது. இளம்பெண்கள் அதைச் சாதகக் கட்டம் பார்ப்பதுபோல் பார்க்கிறார்கள். மகளின் உச்சியில் ஒரு ரகமும் பிடரியில் இன்னொரு ரகமும் இருப்பதைப் பார்த்தபிறகு அந்த அட்டவணையில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. முடி எவ்வளவு விரைவாகத் தண்ணீரை உறிஞ்சுகிறது, எவ்வளவு விரைவாக உலர்கிறது என்று கவனிப்பதில்தான் பயன் இருக்கிறது.

என் நாத்தனார் இன்றும் சவுரி வைத்துக்கொள்பவர். இணையத்தில் பார்த்த உற்சாகத்தில் மகள் ஒருநாள் அவரிடம், அத்தை, நீங்கள் யாருக்காக உங்கள் முடியை மறைக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டாள். நாத்தனார் கோபப்படவில்லை. மருத்துவமனையில் காலை ஏழு மணிக்கு வேலை தொடங்குகிறது என்றும், இரண்டு பிள்ளைகளைக் கிளப்பிவிட்டுத்தான் தான் கிளம்புவதாகவும், எட்டு வாரம் தலையைப் பற்றி நினைக்காமலிருக்க முடிவது தனக்கு எவ்வளவு பெரிய விடுதலை என்றும் சொல்லிவிட்டு, "உன் தலைக்கு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் கொடுக்க உனக்கு ஓர் அம்மா இருக்கிறாள், என் தலைக்கு யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டார். இதற்கு மகளிடம் பதிலில்லை, என்னிடமும் இல்லை. சொந்த முடி செலவில்லாதது என்று பேசுபவர்கள் நேரத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை. பணமும் அப்படியொன்றும் மிச்சமாவதில்லை. குளியலறை அலமாரியில் இப்போது நிற்கும் குப்பிகளை எண்ணினால் தெரியும். சவுரி வைப்பவளுக்குத் தன்மானம் குறைவு, வைக்காதவளுக்கு அதிகம் என்ற அளவுகோலை நான் ஏற்பதில்லை. மகள் மாறியதில் நான் காணும் நன்மை, அவளுக்குத் தன் தலையைப் பற்றி விவரம் தெரிந்திருக்கிறது என்பதே. அந்த விவரம் தெரிந்தவள் எதை வைத்துக்கொண்டாலும் தன் முடியை இழக்கமாட்டாள்.

கறுப்பினப் பெண்களின் முடியைப் பற்றிச் சட்டம் பேசுவது இந்த நாட்டில் புதிதல்ல. ஸ்பானிய ஆட்சியில் இருந்த லூசியானாவில் 1786இல் ஆளுநர் எஸ்தேபன் மிரோ, அடிமைகளல்லாத கறுப்பினப் பெண்களும் தலையைத் துணியால் மூடவேண்டும் என்று ஆணையிட்டார். அவர்கள் அந்தத் துணியையே வண்ணவண்ணமாகக் கட்டி அழகாக்கிவிட்டார்கள் என்பது வரலாறு. கார்ன்ரோ பின்னலுக்குத் தடைவிதித்த அமெரிக்கன் ஏர்லைன்ஸ் மீது அங்கு வேலைபார்த்த ரெனே ராஜர்ஸ் தொடுத்த வழக்கில், 1981இல் நியூயார்க்கின் கூட்டாட்சி நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் நின்றது. ஆஃப்ரோ பிறப்போடு வருவது, பின்னல் மாற்றிக்கொள்ளக்கூடியது என்ற வேறுபாட்டை அந்தத் தீர்ப்பு வகுத்தது. நீதிபதி யாருக்கும் ஒரு வாஷ் டே அனுபவம் இருந்திருக்காது. டிரெட்லாக் எனப்படும் சடைப்புரிகளை எடுக்க மறுத்ததால் 2010இல் வேலை வாய்ப்பை இழந்த அலபாமா பெண்ணின் வழக்கிலும் 2016இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏறக்குறைய அதையே சொன்னது.

எங்கள் மாநிலத்தில் நிலைமையை மாற்றியது ஒரு மல்யுத்தப் போட்டி. 2018 டிசம்பரில் தெற்கு நியூஜெர்சியில் ஒரு கறுப்பின மாணவனிடம், டிரெட்லாக்கை வெட்டு, இல்லையென்றால் தோற்றதாக அறிவிப்பேன் என்று நடுவர் சொல்ல, அரங்கிலேயே கத்தரியால் அவன் முடியை வெட்டினார்கள். அவன் போட்டியில் வென்றான். அந்தக் காணொளியை என் கணவர் ஒரு தடவைக்குமேல் பார்க்க மறுத்துவிட்டார். சரியாக ஓராண்டு கழித்து, 2019 டிசம்பர் 19 அன்று, முடியின் தன்மையையும் அதற்குரிய பின்னல்களையும் காரணம்காட்டி வேலையிலும் பள்ளியிலும் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் கிரவுன் சட்டம் நியூஜெர்சியில் கையெழுத்தானது. கலிஃபோர்னியாவும் நியூயார்க்கும் அதே ஆண்டில் முந்திக்கொண்டிருந்தன. நாடு முழுவதற்குமான சட்டம் 2022 மார்ச்சில் கீழவையில் நிறைவேறி, செனட்டில் நின்றுவிட்டது. கோடைகால வேலைக்கு நேர்காணலுக்குப் போன மகள், நெற்றியோர முடியை ஜெல் போட்டு அமர்த்தட்டுமா என்று பாட்டியிடம் கேட்டாள். உன் இஷ்டம், சட்டம் உன் பக்கம்தான், ஆனால் சட்டத்தை நேர்காணலுக்குக் கூட்டிப்போக முடியாது என்றார் மாமியார். அவள் அமர்த்தாமலேயே போனாள், வேலை கிடைத்தது.

எதிர்பாராமல் திரும்பி வந்தது நீச்சல். தைத்த சவுரிக்கு அடியிலுள்ள பின்னல்கள் நனைந்தால் உலர்வதற்கு ஒரு நாளுக்குமேல் ஆகும். சரியாக உலராவிட்டால் புழுங்கிய நாற்றம் வரும். இதற்குப் பயந்தே அவள் பள்ளி நீச்சல் குழுவிலிருந்து விலகியிருந்தாள். இப்போது குளத்தில் இறங்குமுன் முடியை நல்ல தண்ணீரால் நனைத்து, கண்டிஷனர் பூசிக்கொள்கிறாள். முன்பே நனைந்த முடி குளோரின் நீரைக் குறைவாகவே உறிஞ்சும். அடர்ந்த முடிக்காகப் பெரிதாகத் தைத்த சோல் கேப் என்ற தொப்பியைச் சர்வதேச நீச்சல் கூட்டமைப்பு 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்குக்கு முன் அனுமதிக்க மறுத்து, 2022இல் அனுமதித்தது. தலையின் இயல்பான வடிவத்தோடு ஒட்டவில்லை என்று அப்போது காரணம் சொன்னார்கள். யாருடைய தலை என்று மகள் கேட்கிறாள்.

இந்தக் குளிர்காலத் தேர்வுகளுக்கு முன் செயற்கை இழை சேர்த்த பின்னல் போட்டுக்கொள்ளப்போகிறாள். பழையபடி மாறிவிட்டாயா என்று தோழிகள் சிலர் கேட்டிருக்கிறார்கள். படிப்புக்கு நடுவே வாஷ் டேக்கு நேரமில்லை என்பதுதான் காரணம். இழையின்மேல் பூசியிருக்கும் காரப் பூச்சு தலையை அரிக்கும் என்பதால், அதை வினிகர் கலந்த நீரில் ஊறவைத்து அலசி, பால்கனியில் காயப்போட்டிருக்கிறாள். பின்னிவிடுபவரிடம் நெற்றியோரத்தில் இறுக்கவேண்டாம், பொட்டுப் பகுதியிலுள்ள பொடிமுடியைப் பின்னலில் சேர்க்கவேண்டாம், ஒவ்வொரு பின்னலும் கனமில்லாமல் இருக்கவேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டாள். ஆறு வாரத்தில் அவிழ்த்துவிடுவாளாம். அவிழ்க்கும் நாளில் தன் நெற்றியோரத்தையும் கொஞ்சம் பார்க்கச்சொல்லி நாத்தனாரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.